எதிர்மேசைச் சாவி

விளக்கு எரிந்துவிட்டது.

எரிந்திருக்கக் கூடாது.

எதிர்மேசைச் சாவியில் முடிந்து இழுத்துப் பிடித்திருந்த துப்பட்டாவை அவள் தளரவிட்டாள். சாவி தானாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது. விளக்கு அணைந்தது.

தற்செயலாக இருக்கலாம். இடக்கையால் இந்தப் பக்கத்துச் சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் துப்பட்டாவை மறுபடி இழுத்தாள்.

மறுபடியும் எரிந்தது.

அணுப்பொருள் இருக்கும் அறையை ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாது. இரண்டு சாவிகள், இரண்டு ஆட்கள், ஒரே நேரம். மாணவர்கள் அதைச் செய்து பார்த்தே புரிந்துகொள்ளட்டும் என்று இந்தப் பயிற்சியை அவள்தான் எழுதினாள். கைக்கு எட்டாத தூரத்தில் இரண்டு மேசைகள். நடுவில் ஒரு விளக்கு.

"தனியா ஒருத்தரால முடியுதுன்னா பாடத்துலருந்து எடுத்துரலாம்மா." துறைத்தலைவர் தேவசகாயம் சொல்லியிருந்தார். நாளை காலை பார்க்க வருகிறார்.

அந்தப் பாடத்தில் அவள் எழுதியது இது ஒன்றுதான்.

துப்பட்டா யோசனை எந்த மாணவனுக்கும் வராது என்று விட்டுவிடலாம்.

அவளுக்கு வந்ததே. யோசிக்கக்கூட இல்லை. கை தானாகச் செய்தது.

வீட்டில் தனியாக, போர்வையின் ஒரு முனையை பீரோ கதவில் கவ்வக் கொடுத்து மடிக்கிற கை. முதுகு ஜிப்பில் நூல் கோத்து மேலே இழுக்கிற கை.

விதியில் ஒரு வரி சேர்த்தாள். சாவியைத் திருகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

துப்பட்டாவுக்கு முகம் இல்லை.

சரியாக வருமா? செய்து பார்த்தால்தான் தெரியும். தனியாகச் செய்து பார்க்க முடியாது.

பக்கத்து ஆய்வகத்தைப் பூட்டும் சத்தம் கேட்டது. ஆய்வக உதவியாளர் சுலைகா. ஒரு வருடமாக வராந்தாவில் தலையசைப்பு மட்டும்.

கேட்க வேண்டியதை மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போனாள்.

"பஸ் போயிரும் மேடம். சட்டுனு முடிஞ்சிருமா?" கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே சுலைகா எதிர்மேசைக்குப் போனாள்.

திருகினார்கள். பார்த்தார்கள்.

சுலைகாவின் இடது புருவத்தில் ஒரு சிறு தழும்பு இருந்தது.

விளக்கு எரிந்தது.

"எரிஞ்சிருச்சே." சுலைகா சாவியை விடவில்லை. "இன்னும் பாக்கணுமா மேடம்?"

வேண்டியதில்லை. சரியாக வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.