கையில் இருந்தது

"பயப்படாதையுங்கோ, நான் சொல்லித்தான் அவர் ஓடினவர்," என்கிறார் மூளையைப் பற்றிப் பேச வந்த டொக்டர். சுடப்போகிறான் என்று பதுங்கிய கதிரைகளுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு தலையாக எழும்புகிறது. ஒரு கதவால் பாய்ந்து வந்து மறு கதவால் மறைந்தவன் கிளப்பிய தூசி, துறைமுக வீதி மண்டபத்தின் பின்னேர வெயிலில் இன்னும் அடங்கவில்லை. யாருடையதோ ஒற்றைச் செருப்பு நடுவில் கிடக்கிறது. "அவர்ட கையில என்ன இருந்தது?" "துவக்கு!" என்கிறது சபை. துறைமுகக் கிளாக்கர் பாக்கியரத்தினத்தின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது: "நீட்டுத் துவக்கு. இந்த ரெண்டு கண்ணாலயும் கண்டனான்." ஓடியவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, மடித்த கறுப்புக் குடையை மேசையில் வைக்கிறான். மண்டபம் குலுங்கிச் சிரிக்கிறது. "நீங்கள் பொய் சொல்லேல்ல. பயந்த மூளை, தான் பயப்பட்டதையே கண்ணுக்குக் காட்டிப்போடும்," என்கிறார் டொக்டர். பாக்கியரத்தினம் மட்டும் நின்றது நின்றபடியே நிற்கிறார். போன மாதம், வெடிச்சத்தம் கேட்ட, இருள் விழும் மம்மல் பொழுதில் இறங்குதுறையால் ஓடிய கட்டைபறிச்சான் ஊர் மீனவனைப் பொலிசுக்கு அடையாளம் காட்டியபோதும் இதே சொற்களைத்தான், இதே குரலில்தான் சொன்னார். கொண்டுபோனவர்கள் அவனை இன்னும் விடவில்லை. குடையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும், அவர் கண்ணுக்குள் ஓடுகிறவன் கையில் துவக்குத்தான் இருக்கிறது. கண்ணீர் வரச் சிரித்தபடி மனைவி அன்னலட்சுமி அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுக்கிறாள். "இருங்கோவன், ஏன் நிக்கிறியள்?" "கையில இருந்தது துடுப்பெண்டுதான் சொன்னவன், அன்னம்," என்கிறார் அவர். "அவன் துடுப்பெண்டுதான் சொன்னவன்."