குதிக்கிற வாத்து

“அக்கா, எல்லாரையும் ஜெயிக்கிற நீ, எங்கிட்ட மட்டும் ஏன் தோத்துப் போறே?” என்று ஆறு வயதில், வீடியோ கேம் ஆடும்போது தம்பி கேட்டான். அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினாள்.

பல வருடம் கழித்து இப்போது, ஒரு விபத்தில் அவள் மணிக்கட்டு உடைந்து, விரல்கள் வேகம் இழந்திருந்தன. அதனால் வீடியோ கேம் சண்டையில், தள்ளி நின்று எதிரி தவறும்வரை காத்திருந்து குத்தும் ஈட்டிக்காரியாக ஆடப் பழகினாள்.

“என்னக்கா, இவ சண்டை போடுறாளா, பஸ்ஸுக்கு நிக்கிறாளா?” தம்பி நக்கலடித்தான்.

“போடா! ஆன்லைன்ல தினமும் ‘வாத்து’னு ஒரு மடையன் வர்றான். மூளையே கிடையாது. ஒரே மாதிரி குதிச்சு ஈட்டியில விழறான். அவன் இல்லேன்னா என்னிக்கோ இதை விட்டிருப்பேன்.”

“மடையனை ஜெயிக்கிறதெல்லாம் ஒரு பெருமையா?”

“உன்னையும் ஒருநாள் குத்துறேன் பாரு. பாவம் பார்த்து யாரும் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்!”

“உனக்கு யாரு விட்டுக்கொடுக்கப் போறா?”

உதட்டைப் பிதுக்கிவிட்டுத் தம்பி தன் அறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டு, ‘வாத்து’ என்ற பெயரில் விளையாட்டுக்குள் நுழைந்தான்.

திரையில் ஈட்டிக்காரி நேற்றைவிட அரையடி தள்ளி, பொறுமையாக நின்றிருந்தாள்.

தம்பி வழக்கம்போல் அவசரப்பட்டுக் குதித்தான்.