தடையின்றி நடக்கிறார்

லீட்ஸ் நகரக் கல்லூரி ஒன்றில், பட்டதாரிகளுக்கான நர்ஸிங் படிப்புக்கு நேர்முகத் தேர்வு. முப்பத்தொன்பது வயது டங்கன் டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான். எதிரே பேராசிரியை. பக்கத்தில், தேர்வுக் குழுவில் வழக்கமாக இடம்பெறும் நோயாளிகளின் பிரதிநிதி, மேவிஸ். அந்தம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். டங்கன் பேராசிரியையைப் பார்த்தே பதில் சொன்னான்.

“இத்தனை வருஷமா என்ன வேலை பார்த்தீங்க?”

“உடம்புக்கு முடியாதவங்க வீட்டுக்குப் போய், அரசு உதவித்தொகை கொடுக்கலாமான்னு பார்த்து எழுதுற வேலை. பதினோரு வருஷம்.”

“அதை ஏன் விட்டீங்க? இங்கே பேனாவைவிட பெட்பேனைத்தான் அதிகம் தூக்கணும், தெரியுமில்லே?”

ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் டங்கனுக்கு மறந்துபோனது. உண்மைதான் வாயில் வந்தது.

“ஒரு அம்மா, குளிர் தாங்காம, செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சுப் போய் ஜன்னலைச் சாத்தினாங்க. நான் ‘தடையின்றி நடக்கிறார்’னு எழுதிட்டேன். உதவித்தொகை நின்னுபோச்சு.”

“அப்புறம் அவங்களைப் போய்ப் பார்த்தீங்களா?”

“பார்த்தாலும் அடையாளம் தெரியாது மேடம். அன்னைக்கு நான் படிவத்தைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கலே. அதான் இந்தப் படிப்பு.”

பேராசிரியை மதிப்பெண் தாளை மேவிஸ் பக்கம் நகர்த்தினார். “நீங்க ஏதாவது கேக்கணுமா?”

மேவிஸ் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“கேக்க ஒண்ணுமில்லே. தம்பி, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடுப்பா, குளிருது. நான் எந்திரிச்சுப் போனா, நீ மறுபடியும் எழுதிடுவே.”