மொட்டை மாடிக்கு மூன்று விலை

சோலார் போட வந்த மூன்று பேரின் கொட்டேஷன்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, வக்கீல் மூன்று பேரையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் சட்டம் படித்தவரில்லை. போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் நிற்பவன் வாயைத் திறப்பதற்குள் அவனுக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார் என்பதால் தெருவே கூடி வைத்த பெயர் அது.

முதலில் வந்தவன் கசங்காத சட்டைக்காரன். கையகலக் கணினியில் வீட்டை வானத்திலிருந்து காட்டினான். சோலார் போட்டால் பூமியைக் காப்பாற்றலாம் என்றான்.

“முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வரச் சொல்லு. பூமியை அப்புறம் காப்பாத்தலாம்” என்று மனைவியிடம், அவன் காதில் விழும்படியே சொன்னார் வக்கீல்.

இருபத்தைந்து வருட உத்தரவாதம் தருவானாம். கம்பெனி நேற்று முளைத்தது. பால்பல் விழாத பிள்ளை பேரனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பின கதை என்று சொல்லி அவன் தாளைத் தள்ளிவைத்தார்.

இரண்டாவது ஆள் அதிகம் பேசாதவன். வெயில் தலையைப் பிளக்கிற நேரத்தில் மாடியில் நின்று நிழலை அளந்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிறது, கேட்ட அளவுக்குப் போட்டால் இரண்டு பேனல் தண்டம், குறைத்தே போடலாம் என்றான்.

வக்கீலுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. விற்க வந்தவன் வாங்காதே என்கிறான் என்றால் ஒன்று அவன் முட்டாள், இல்லை திருடன். முகத்தைப் பார்த்தால் முட்டாள் மாதிரி இல்லை.

ஆக, அவனையும் கழித்துக்கட்டினார்.

மூன்றாமவன் இப்போது மாடியில் அளந்துகொண்டிருந்தான். அவன் வந்த வண்டியின் பின்கதவைக் கயிறு ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் நீட்டிய தாளில் கம்பெனிக்கு ஒரு முகவரிகூட இல்லை. என்ன பேனல், என்ன இன்வெர்ட்டர், பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்று எதைக் கேட்டாலும், எல்லாம் நல்ல சரக்குதான் சார் என்று தலையைச் சொறிந்தான்.

அவனையும் வக்கீல் மதிக்கவில்லை. போல்ட் போடவேண்டிய இடத்தில் ஆணி அடித்துவிட்டுப் போகிற ரகம் என்றார். எண்ணெய் வழிகிற தலையையும் எச்சில் தெறிக்கிற பேச்சையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரித்துவிட்டு, அவனுக்கே வேலையைக் கொடுப்பதாகச் சொன்னார்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. சல்லடையில் சலித்துச் சலித்து, அரிசியைக் கொட்டிவிட்டுக் கல்லை எடுத்துவைக்கிற மனிதர் இல்லை இவர். வாழைக்காய் வாங்கினால்கூட நாலு கடை ஏறி இறங்கிக் கடைக்காரனை அழவைத்துவிட்டு வருகிறவர்.

முதலில் வந்த பையனே தேவலையே, பெருங்காற்று அடித்தால் இவன் போட்டது பக்கத்து வீட்டில் போய் விழுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“என்ன ஏறுதுங்கிறது முக்கியமில்லடி. ஏறினா போதும். ஒரு தடவை மேல ஏறிட்டா, அப்புறம் எவளும் இறக்க முடியாது.”

எவனும் என்று சொல்ல வந்தவருக்கு வாய் தவறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாமவன் வெளிப்படிக்கட்டு வழியாக இறங்கி வந்தான். கையெல்லாம் சாக்பீஸ் தூள். அடையாளம் போட்டாகிவிட்டது, விடிந்ததும் இரும்புச் சட்டங்களை இறக்கிவிடலாம் என்றான். வக்கீல் முன்பணம் எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

அவன் பின்னாலேயே வக்கீலின் தம்பி மனைவியும் இறங்கி வந்து வாசலில் நின்றாள்.

தம்பி இறந்துபோனதிலிருந்து மேல் வீட்டில் தனியாக இருக்கிறவள். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை பரிசோதிக்கிற வேலை. வக்கீல் அவளை ஒரு பொருட்டாக வைத்ததே இல்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள், எதைச் சொன்னாலும் ‘நீங்க சொன்னா சரி அத்தான்’ என்பவள், கொஞ்ச நாளில் தானே அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள் என்பது அவர் எழுதி வைத்திருந்த தீர்ப்பு.

அவள் அவரைப் பார்க்கவில்லை. சாக்பீஸ் கைக்காரனிடம் பேசினாள்.

“அண்ணே, மேல போட்ட கோடு எல்லாத்தையும் அழிச்சிட்டுப் போயிடுங்க. அங்க வேற ஆளுக்குச் சொல்லியாச்சு.”

அப்போதுதான் வக்கீல் பக்கம் திரும்பினாள். அந்த இரண்டாவது ஆள் இறங்கிப் போனவர், திரும்ப ஏறி வந்து தன் கதவையும் தட்டினதாகச் சொன்னாள். தன்னிடமும் ஒரு வார்த்தை கேட்டது அவர் ஒருவர்தான் என்றாள். குரல் உயரவில்லை. இணைப்புத் தன் மீட்டருக்குத்தான், கீழ் வீட்டுக்கும் வேண்டுமென்றால் கேளுங்கள், யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனாள்.

வக்கீலின் கை அலமாரிப் பிடியிலேயே இருந்தது.

மூன்றாமவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்ப மாடி உங்களுது இல்லையா சார்?”

வக்கீல் மேசைக்குத் திரும்பிக் கொட்டேஷன் தாள்களை அடுக்கினார். பாகப்பிரிவினை அன்றைக்கு மாமனார் சொன்னதை அவருக்குப் பதிலாக மனைவிதான் சொன்னாள். கீழ் வீடு பெரியவனுக்கு. மேல் வீடும் மொட்டை மாடியும் சின்னவனுக்கு.

சொல்லி முடித்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முதலில் வந்தவனும் சரி, இரண்டாவது வந்தவனும் சரி, கிளம்பும்போது வாசலில் நின்று மாடி யாருடையது என்ற இதே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்.