மாடி ஏறாத மேனேஜர்

"டாக்டர், ஊசி குத்தினா கடிச்சுட மாட்டானே?"

ஃபோர்மேன் கேட்டது நாயைப் பற்றி. ஆனால் முகம் வெளுத்துப் போயிருந்தது அவருக்குத்தான். ஓய்வு பெறும்வரை பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர். ஊசி என்றால் மட்டும் பயம்.

"முடி மாதிரி மெல்லிசு சார். என் பேஷண்டுங்க பாதிப் பேர் நடுவுலயே தூங்கிடுவாங்க," என்றார் டாக்டர். வீடு தேடி வந்து நாய், பூனைகளுக்கு அக்குபங்சர் செய்கிற கால்நடை டாக்டர் அவர். ஹாலில் பாயை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

பாயின் நடுவில் மேனேஜர் படுத்திருந்தது. நாய்க்கு அந்தப் பெயரை வைத்ததே ஃபோர்மேன்தான். வேலையில் இருந்தவரை எந்த மேனேஜரும் அவர் பேச்சைக் கேட்டதில்லையாம், வீட்டில் ஒருவனாவது கேட்கட்டுமே என்று. இந்த மேனேஜரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

"என்ன பிரச்சினை, முதல்லேர்ந்து சொல்லுங்க."

"மாடி ஏற மாட்டேங்கறான் டாக்டர். எங்க படுக்கை ரூம் மாடியிலதான். ஆசை ஆசையா நானே பக்கத்துல நின்னு கட்டினது. இவன் என்னடான்னா படிக்கட்டுக்குக் கீழயே படுத்துடறான். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. மாத்திரை குடுத்தாச்சு, எண்ணெய் தேய்ச்சு விட்டாச்சு. ஊஹூம்."

"அவனுக்கும் வயசாகுதில்ல?" என்றாள் மனைவி, சமையலறை வாசலில் நின்றபடி. "தனியா விட்டா அழறான், பாவம். அதான் நானும் கீழ சோபாலயே படுத்துக்கறேன்."

ஃபோர்மேனுக்கு ஆறாத விஷயம் இதுதான். முப்பது வருஷம் கூடவே இருந்தவள், ஒரு நாய்க்காக அவரை மாடியில் அம்போவென்று விட்டுவிட்டாளே! தனியாகப் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்க்கும்போதெல்லாம் மேனேஜர் மேல் பொறாமை பொத்துக்கொண்டு வரும். வெளியே சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள்.

"இதுவும் சரிப்படலைன்னா, இவனைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான். அங்க மாடியே கிடையாது," என்றார்.

"அதெல்லாம் அனுப்ப வேணாம்!"

மனைவி வெடுக்கென்று சொன்ன வேகத்தில் டாக்டரே நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது. இந்தப் பாழாய்ப்போன நாய் மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று ஃபோர்மேனுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

டாக்டர் பெட்டியைத் திறந்தார். "தலையைப் பிடிச்சுக்குங்க சார்."

ஃபோர்மேன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூடவே கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். அதன் பிறகு டாக்டரின் குரல் மட்டும்தான் கேட்டது.

"ஏறாத காலுன்னா தொடை வத்திப் போயிருக்கணும். இவனுக்கு நல்லா கெட்டியா இருக்கே... இங்க அழுத்தினா துள்ளணும். கொட்டாவி விடறான்."

"போட்டாச்சா டாக்டர்?"

"ஆடாம இருங்க சார். இவன் எப்பவும் அம்மாவையேதான் பார்த்துட்டு இருப்பானா?"

"இப்பல்லாம் அப்படித்தான். அவ சமையலறைக்குப் போனா பின்னாடியே போவான். பாத்ரூம் போனா வாசல்ல உக்காந்துப்பான். முன்னல்லாம் என் பின்னாடிதான் சுத்துவான்."

"எப்பலேர்ந்து இப்படி?"

"மாடி ஏறுறதை நிறுத்தினதுலேர்ந்துதான்."

சொன்ன பிறகு அவருக்கே விசித்திரமாக இருந்தது. கால் சரியில்லாதவன் எதற்கு நாள் முழுக்க ஒருத்தி பின்னால் வீட்டைச் சுற்றி வர வேண்டும்?

"சரி, நீங்க மேல போய்க் கூப்பிடுங்க சார்."

பாயின் பக்கம் பார்வையைத் திருப்பாமல் எழுந்து, விறுவிறுவென்று மாடிக்குப் போனார். "மேனேஜர்! வாடா! டேய்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். மேனேஜர் வாலைக்கூட ஆட்டவில்லை.

"இப்ப நீங்க போங்கம்மா," என்றார் டாக்டர்.

"நானா? அடுப்புல பால் இருக்கு."

"பாலை நான் பார்த்துக்கறேன், நீ போ," என்று ஃபோர்மேன் இறங்கி வந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைப்பிடியைப் பற்றினாள். ஒரு படி ஏறினாள். நின்றாள். இன்னொரு படி.

பாயில் கிடந்த மேனேஜர் ஒரே தாவலில் எழுந்தது. அவளை உரசிக்கொண்டு நாலு கால் பாய்ச்சலில் படிகளைத் தாண்டி ஏறியது. பாதிப் படிக்கட்டில் திரும்பி, அவள் வழியை மறித்துக் குறுக்கே நின்றுகொண்டு குரைத்தது.

"ஏறிட்டான்!" சமையலறைப் பக்கம் போன ஃபோர்மேன் ஓடி வந்து குதித்தார். "ஒரே தடவை ஊசி, ஏறிட்டானே! இன்னிக்கு நாம எல்லாரும் மேலதான் தூங்கறோம்! டாக்டர், கையைக் குடுங்க!"

டாக்டர் கையைக் கொடுக்கவில்லை. படிக்கட்டுக்கு ஓடிப்போய், கைப்பிடியில் சாய்ந்து மூச்சு வாங்க நின்றவளைத் தாங்கிப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார்.

"ஊசி எல்லாம் இன்னும் பெட்டியிலதான் சார் இருக்கு. இவன் கால்ல ஒரு குறையும் இல்லை," என்றவர், அவள் நாடியைப் பிடித்தபடி தாழ்ந்த குரலில் கேட்டார். "சொல்லுங்கம்மா, நீங்க மாடி ஏறி எவ்வளவு நாளாச்சு?"