ஒரு கரண்டி பால்

இறந்துபோன கணவர் செழியனைக் கணினியில் உருவாக்கி நெடுந்தொடரில் நடமாட விடுகிறோம் என்று ஓடிடிக்காரர்கள் சொன்னபோது, சுகந்தி உடனே சம்மதித்தாள். தினமும் மதியம் அவர் திரையில் வந்து, அதே கரகரத்த குரலில், "சாப்பிட்டியா சுகு?" என்பார். சில மாதங்களில் அலுத்துப்போய் இரண்டு நாள் பார்க்காமல் விட்டாள். மூன்றாம் நாள் தொடரில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அதன்பிறகு ஒரு நாளும் அவள் தவறவிடவில்லை. வருடம் ஒன்றாகியும் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டாள். "இந்தச் சந்தாவ நிறுத்திட்டா அவரு போய்ச் சேந்துருவாராம்மா?"

"ஐயோ, சாக விடமாட்டோம் மேடம்! நீங்க திரும்பி வர்ற வரைக்கும் சார் அப்படியே காத்துட்டு இருப்பாரு," என்றாள் அந்தப் பெண்.

சுகந்தி அடுப்படிக்குப் போய்ப் பாலை ஆற்றி எடுத்துவந்தாள். இழுத்துக்கொண்டு கிடக்கும் உயிர் நிம்மதியாகப் பிரியட்டும் என்று வீட்டு மனிதர்கள் வாயில் ஊற்றும் பால். திரையில் தெரிந்த உதட்டின்மேல் கரண்டியைச் சாய்த்தாள்.

"போதுங்க. போயிருங்க."

பால் கண்ணாடியில் வழிந்தது. செழியன் கண்ணைத் திறந்து, உதட்டை நக்கிக்கொண்டார்.

"சீனி போடலையா சுகு?"

கீழே எழுத்து வந்தது: தொடரும்.