பாதி டீ

“கொஞ்ச நாளைக்கு முத்தமெல்லாம் வேண்டாம் சார். ரெண்டு பேரும் பொறுத்துக்கணும்!”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். லிஃப்ட் மெக்கானிக்கும் பதிலுக்குச் சிரித்துவைத்தான்.

பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி. காதுக்குக் கீழே, கழுத்தின் இரண்டு பக்கமும் கோலிக்குண்டுகளாக வீக்கம். குனிந்த தலை நிமிரவே இல்லை.

“சுரப்பிக் காய்ச்சல். முத்தக் காய்ச்சல்னும் சொல்வாங்க. எச்சில்ல பரவற வைரஸ். உள்ளே புகுந்து ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் ஆளைச் சாய்க்கும். இதை விரட்டறதுக்குன்னு தனி மாத்திரை கிடையாது, ஓய்வுதான் மருந்து. மண்ணீரல் வீங்கியிருக்கு, கனமா எதையும் தூக்க விடாதீங்க. அப்புறம் இன்னொண்ணு…”

அந்த இன்னொன்று அவன் காதில் ஏறவில்லை. முத்தம் என்ற சொல்லிலேயே அவன் நின்றுவிட்டான்.

அவன் அவளுக்கு முத்தம் கொடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அவள் அண்ணன் வீட்டில் யாரோ வாய்தவறி விட்ட ஒரு வார்த்தையில் ஆரம்பித்த சண்டை. யார் முதலில் பேசுவது என்று இருவரும் வீம்புக்கு நின்றதில், ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கட்டில் என்று ஆகிப்போனது.

மிஞ்சியிருந்த ஒரே போக்குவரத்து, காலை டீ. அவள் மேஜையில் ‘டொக்’கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புவான். டீ நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும், சிங்க்கில் கொட்டும்போதாவது அவளுக்கு உறைக்கட்டும் என்று.

இன்றும் பாதிதான் குடித்திருந்தான், அதற்குள் அவள் சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். அப்போதுகூட என்ன ஏதென்று கேட்கவில்லை. வண்டிச் சாவியை மட்டும் எடுத்தான்.

இப்போது கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. யார் அவன்?

அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேரே வேலைக்குப் போனான். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்ட்டின் கூண்டுமேல் உட்கார்ந்திருந்த கூட்டாளி மொட்டையிடம், நோயின் பெயரை மட்டும் சொன்னான்.

“உன் பொண்டாட்டிக்கு முத்தக் காய்ச்சலா! ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு… பலே ஆளுய்யா நீ!”

“கம்முனு வேலையைப் பாருய்யா.”

“கோவத்தைப் பாரு! மழைக்காலத்துல நான்கூடத்தான் கழுத்து வீங்கிச் சுருண்டு கிடந்தேன். எனக்கு எவ முத்தம் குடுத்தா?” மொட்டை தண்ணீர் பாட்டிலைக் கவ்விக் குடித்துவிட்டு, வழக்கம்போல அவனிடம் நீட்டினான். “அப்புறம் உனக்குத் தொண்டை கட்டிச்சு. எல்லாம் இந்த லிஃப்ட் குழித் தூசிய்யா.”

அவன் யோசனையோடு வாய் வைத்துக் குடித்தான். பிறகு போனை எடுத்தான்.

“மச்சான், நாளைக்கு வந்து உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

“உடம்பு தேறுற வரைக்குமா மாப்ளே?”

“இல்ல. மொத்தமா.”

சாயங்காலம் வீட்டில் விளக்குப் போடவில்லை. கூடத்து நாற்காலியில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள் அவள். மேஜைமேல் அவன் மிச்சம் வைத்துவிட்டுப் போன டீ, ஏடு படிந்து அப்படியே இருந்தது. கொட்டக்கூட இன்றைக்குத் தெம்பில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்விட்சைத் தட்டினான். ஒரு வருஷத்து மௌனமும் அந்த வெளிச்சத்தில் உடைந்தது.

“யார் அவன்?”

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் பேசிவிட்டான் என்பதை நம்பவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டிப்போன தொண்டையிலிருந்து குரல் கரகரத்தது.

“எவன்?”

“உனக்கு இந்தக் காய்ச்சலைக் குடுத்தவன்.”

“நீங்கதான்.”

அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது, கசப்பாக. “நானா? நான் உன் பக்கத்துல வந்தே எவ்வளவு காலமாச்சு! யார்கிட்ட கதை விடறே? காலையில உங்க அண்ணன் வர்றார். துணிமணியை எடுத்து வச்சுக்கோ.”

அவள் அழவில்லை. போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து மேஜைவரை நடந்தாள்.

கப்பைக் கையில் எடுத்தாள். அவன் வாய் வைத்த கறை எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே திருப்பினாள். ஆறிப்போன டீயை ஒரு மடக்கு குடித்தாள். விழுங்க முடியாமல் கண்களில் நீர் முட்டியது.

“நீங்க வச்சிட்டுப் போற மிச்சத்தை நான் ஒரு நாளும் கொட்டினதில்லைங்க.”